கிழிக்கிற காலண்டரும் ஒரு நோட்டும்: சென்னையில் ஆண்டின் கடைசி வாரம்

டிசம்பர் 26, வெள்ளி. மயிலாப்பூர்

இந்த வாரம் முழுக்கக் கூடவே வர வேண்டியவை: கோடு போட்ட ஒரு நோட்டு, இரண்டு பால்பாயிண்ட் பேனா, ஒரு துணிப்பை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நோட்டில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். எழுதத் தெரியாத குழந்தைக்கும் உண்டு. அது சொல்ல, வேறொருவர் எழுதலாம், திருத்தாமல். அந்தந்த நாள் பார்த்ததை அந்த இடத்திலேயே இரண்டு மூன்று வரி எழுதிவிட வேண்டும். ராத்திரி வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், அம்மாவோ அப்பாவோ தனக்கு ஞாபகம் இருப்பதை எல்லோர் பக்கத்திலும் எழுதுவார்கள். நோட்டு பிறகு ஒருவருடைய நோட்டாகிவிடும்.

காலை ஐந்தரைக்கு மாட வீதியில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள். பறக்கும் ரயிலில் (தூண்களின் மேல் ஓடும் உள்ளூர் ரயில்) திருமயிலை நிலையத்தில் இறங்கினால் கபாலீசுவரர் கோயில் நடக்கிற தூரம்தான். இந்த நாட்களில் சூரியன் ஏறக்குறைய ஆறரைக்கு உதிக்கிறது. அதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் மயிலாப்பூர் மார்கழிக்கு உரிய நேரம். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் முன்நின்று பாடிய மாட வீதி பஜனை வழக்கம் இன்னும் தொடர்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் பஜனைக்குப் பின்னால் போகாமல் பக்கவாட்டில் நடப்பது நல்லது. முன்னாலிருந்து வரும் ஆட்டோவும் பால் வண்டியும் பின்வரிசையில் இருப்பவர்களின் கண்ணில் படாது.

கோலம் பார்க்க வடக்கு மாட வீதியைவிட அதைச் சுற்றியுள்ள சின்னத் தெருக்கள்தான் சிறந்தவை. கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போதே பார்ப்பதற்காகத்தான் இத்தனை சீக்கிரம். குழந்தைகளுக்குப் புள்ளிக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். நேர்ப்புள்ளி ஏழில் தொடங்கி ஒன்றில் முடிந்தால் 7, 5, 3, 1 என்று நடுவரிசைக்கு இருபுறமும் குறையும். மொத்தம் 25 புள்ளி. ஊடுபுள்ளி (மேல் வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக வைப்பது) 15-லிருந்து 8 வரை என்றால் வரிசைக்கு ஒன்றாகக் குறையும், மொத்தம் 169. முதல்முறை போடும் பிள்ளைக்கு 25 போதும். புள்ளிகளுக்கு நடுவே மூன்று விரல் இடைவெளி விட்டால் கை இடிக்காது.

மாவு விஷயம்: கடையில் கோலமாவு என்று விற்பது பெரும்பாலும் வெள்ளைக் கல் மாவு. விரலிலிருந்து சீராக இறங்கும், ஆனால் எறும்புக்கும் குருவிக்கும் அதில் ஒன்றும் இல்லை. வெறும் அரிசி மாவு ஈரக் கையில் கட்டிக்கொள்ளும், இழை அறுந்து அறுந்து விழும். நாலு பங்கு கோலமாவுக்கு ஒரு பங்கு அரிசி மாவு கலந்தால் இரண்டும் சரியாகிவிடும். தண்ணீர் தெளித்த உடனே போட்டால் மாவு ஊறிச் சாம்பல் நிறமாகத் தெரியும். தரை முழுக்கக் காய்ந்துவிட்டால் காற்று கோட்டைக் கலைத்துவிடும். தெளித்துப் பத்து நிமிடம் கழித்து, தேங்கிய நீர் வடிந்து தரை கருத்திருக்கும்போது போட வேண்டும். நடுவில் சாண உருண்டையில் பரங்கிப்பூ வைக்கிற வீடுகள் இப்போது குறைவு. பார்த்தால் நோட்டில் தெருப் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று 26. 2004-இல் சுனாமி வந்த நாள். பட்டினப்பாக்கத்திலும் காசிமேட்டிலும் மீனவக் குடும்பங்கள் காலையில் கடலில் பாலும் பூவும் விட்டு அஞ்சலி செலுத்துவார்கள். இன்று காலை கடற்கரைக்குப் போகிறவர்கள் அந்தக் கூட்டத்துக்குள் படம் எடுக்கப் போக வேண்டாம். தள்ளி நின்று, பிள்ளைகளிடம் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், போதும்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால்தான் அது இன்றைய பாதையில் இல்லை.

டிசம்பர் 27, சனி. பாரிமுனை

கடைத்தெருவுக்குச் சனிக்கிழமையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஞாயிறன்று பாரிமுனையின் மொத்தக் கடைகளில் பாதிக்கு மேல் மூடியிருக்கும். திங்களன்று வியாபாரிகள் கூட்டத்தில் சில்லறைக்கு வருகிறவரைக் கவனிக்க ஆளிருக்காது.

கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி, முதல் வேலையாக ராஜாஜி சாலையில் உள்ள தலைமை அஞ்சல் நிலையம். 1884-ஆம் ஆண்டுச் சிவப்புக் கட்டடம். அஞ்சலட்டை இன்னும் 50 காசுதான். ஆளுக்கு நாலு வாங்கினால் இரண்டு ரூபாய். கையில் சில்லறை கொண்டுபோங்கள். கவுண்டரில் கையிருப்பு இல்லாமலும் போகலாம் என்பதால், காலையிலேயே கேட்பது நல்லது. ஊரில் இருக்கும் பாட்டிக்கு, சித்தப்பாவுக்கு, பழைய வீட்டு அக்கத்துப்பக்கத்தாருக்கு இந்த வருடம் நடந்த ஒரே ஒரு நல்ல செய்தியைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் தவறும் இடம் இரண்டு. முகவரிக்கான வலது பாதியில் செய்தியை நீட்டி எழுதிவிடுவார்கள். அதனால் முகவரியை முதலில் எழுத வைக்க வேண்டும். பின்கோடின் ஆறு கட்டங்களில் ஒன்றை விட்டுவிடுவார்கள். அட்டை சுற்றி அலைந்து தைப்பொங்கலுக்குப் போய்ச் சேரும். ஜெல் பேனா அட்டையில் ஈரம் பட்டால் கரையும். பால்பாயிண்டில் எழுதி, அங்கேயே பெட்டியில் போட்டுவிடுங்கள்.

அங்கிருந்து ஆண்டர்சன் தெரு. காகிதம், அழைப்பிதழ், டைரி, காலண்டர் எல்லாவற்றுக்கும் இதுதான் தெரு. டைரி வாங்கும்போது அட்டையின் பளபளப்பைப் பார்க்காமல் தாளின் கனத்தைப் பாருங்கள். அறுபது ஜிஎஸ்எம்-க்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறைவான தாளில் மைப்பேனாவால் எழுதினால் பின்பக்கம் தெரியும். எழுபது, எண்பது என்றால் தாங்கும். நாளுக்கு ஒரு பக்கம் உள்ள டைரி ஆசையாக இருக்கும். ஆனால் பிப்ரவரியில் பத்து நாள் வெற்றாகக் கிடந்ததும் கை விட்டுப்போகும். வாரத்துக்கு இரண்டு பக்கம் உள்ளதைத்தான் குடும்பத்துக்குச் சொல்வோம்.

இந்த வாரத்துக்கு நிஜமாக வேண்டியது டைரிகூட இல்லை, தினமும் கிழிக்கிற காலண்டர். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். தாள்கட்டு அட்டையோடு பின் அடித்து இறுக்கமாக இருக்கிறதா. ஒவ்வொரு தாளிலும் நட்சத்திரமும் திதியும் முடிகிற நேரத்தோடு அச்சாகியிருக்கிறதா. தேதி எண்ணுக்குக் கீழே ஒரு விரல் அகலம் வெற்றிடம் இருக்கிறதா. மூன்றாவது மிக முக்கியம். ஏன் என்பது 31-ஆம் தேதிக் குறிப்பில். ஓசியில் வரும் கடைக் காலண்டர்களில் அந்த இடத்தை விளம்பரம் பிடித்துக்கொள்ளும். நல்ல தாளுள்ள பெரிய காலண்டரைக் காசு கொடுத்தே வாங்குங்கள். சுவரில் மாட்டும் வீட்டில் கடல்காற்று வருமென்றால் கான்கிரீட் ஆணியோடு கீழ்ப்பக்கத்துக்கு ஒரு கிளிப்பும் வேண்டும்.

மதியம் சௌகார்பேட்டையின் மின்ட் தெருப் பக்கம் போய் முறுக்கு சாண்ட்விச் சாப்பிடலாம்: இரண்டு சிறு முறுக்குகளுக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. கட்டிக்கொடுத்துப் பத்து நிமிடம் ஆனால் முறுக்கு ஊறிவிடும். பார்சல் வேண்டாம்.

மாலையில் கடற்கரை நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், செகண்ட் லைன் பீச் சாலையில் அத்தோ கடைகள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. வேகவைத்த நூடுல்ஸில் முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, பூண்டு எண்ணெய், நொறுக்கிய தட்டை போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். குழந்தைக்கு என்றால் பிசைவதற்கு முன்னால் "தூள் வேணாம்ணா" என்று சொல்லிவிட வேண்டும். பிசைந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கூடத் தருகிற வாழைத்தண்டு சூப் காரத்துக்கு இதம். நோட்டில் இன்றைக்கு "முதல்முறை சாப்பிட்டது" என்ற தலைப்பில் ஒரு வரி எல்லோருக்கும் கிடைத்துவிடும்.

போக்குவரத்து பற்றி ஒரு வரி. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பாட்டி, அத்தை, அம்மா எல்லோரும் வருகிற குடும்பத்துக்கு இது பெரிய தொகை.

டிசம்பர் 28, ஞாயிறு. பள்ளிக்கரணை

மார்கழி 13. இன்றைக்கு உரிய திருப்பாவைப் பாசுரத்தில் பறவைகள் ஒலிக்கிற விடியல் வருகிறது. அதைக் காதால் கேட்கச் சென்னையில் இதைவிட நல்ல இடம் இல்லை.

வேளச்சேரி வரை பறக்கும் ரயில், அங்கிருந்து தாம்பரம் போகும் பேருந்தோ ஆட்டோவோ. துரைப்பாக்கம் - பல்லாவரம் இருநூறடிச் சாலை சதுப்பு நிலத்தை ஒட்டியே போகிறது. ஆனால் அந்தச் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பிள்ளைகளோடு பறவை பார்ப்பது ஆபத்து. சாலையில் நிற்காமல் சதுப்புநிலப் பூங்காவுக்குள் போய்விடுங்கள். ஆறரையிலிருந்து எட்டரை வரை போதும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி நின்றால்தான் நிறம் தெரியும். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்.

பைனாகுலர் வாங்குவதானால் 8×42 என்று கேளுங்கள். பத்து, பன்னிரண்டு மடங்கு என்று பெரிதாகப் போனால் கை நடுக்கமும் பெரிதாகிக் குழந்தைக்கு எதுவுமே நிற்காது. முதல் தடவை கொடுக்கும்போது, பறவையை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே, தலையை அசைக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கருவியை வைத்துக்கொண்டு தேடினால் வானமும் கோரைப் புல்லும்தான் கிடைக்கும்.

இந்தப் பருவத்தில் எளிதாகக் காணக் கிடைப்பவை: கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான், நெடுங்கால் உள்ளான், அரிவாள் மூக்கன், வலசை வருகிற ஊசிவால் வாத்து, மேலே வட்டமிடும் சேற்றுப் பூனைப்பருந்து. பூநாரைக்காகவே வருகிறவர்கள் டிசம்பரில் ஏமாறுவது உண்டு. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து தண்ணீர் உயர்ந்திருந்தால் அவற்றுக்குக் கால் ஊன்றி மேய இடமில்லை. நீர் வற்ற வற்றத்தான் வரும். பிப்ரவரி, மார்ச் அதற்கு நல்லது. அதையும் நோட்டில் "பிப்ரவரியில் திரும்ப வர வேண்டும்" என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் எழுதும் முறை: தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், பறவை, எத்தனை. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்டதையெல்லாம் எழுதினால்தான் அது கணக்கு. காக்காயையும் மைனாவையும் விடக் கூடாது. பெயர் தெரியாத பறவைக்குத் தெரிந்த பெயரைப் போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. "வாத்து அளவு, மூக்கு மஞ்சள், தலை முங்கி மேய்ந்தது" என்று எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம். ஜனவரியில் பொங்கலை ஒட்டி நான்கு நாள் தமிழகம் முழுக்கப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். மொட்டை மாடியிலிருந்தே கலந்துகொள்ளலாம், ஈபேர்ட் (eBird) என்ற இணையதளத்தில் பட்டியலை ஏற்ற வேண்டும். இன்று எழுதிய பக்கம் அதற்கு ஒத்திகை.

பள்ளிக்கரணை 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சேர்ந்த பிறகும் சுற்றி வரும் கட்டடங்களைப் பார்த்தால் மனம் கலங்குகிறது. பிள்ளைகள் இப்போதே பார்த்துப் பெயர் தெரிந்துகொள்ளட்டும்.

டிசம்பர் 29, திங்கள். சபாக்கள்

கச்சேரிக்கு ஏன் டிசம்பர்? 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. ஆண்டுதோறும் அதே மாதத்தில் கூடிப் பாடுவது வழக்கமாகி, மற்ற சபாக்களும் சேர்ந்துகொண்டன. 2017-இல் யுனெஸ்கோ தன் படைப்பாற்றல் நகரங்களில் சென்னையை இசைக்காகச் சேர்த்ததற்குப் பின்னால் இந்த மாதத்தின் உழைப்பு இருக்கிறது.

சீட்டு கிடைக்குமா என்று பயந்துதான் பல குடும்பங்கள் சபாப் பக்கமே வருவதில்லை. மாலைக் கச்சேரிக்குத்தான் அந்தக் கவலை. மதியக் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். பாடுகிறவர்கள் வளரும் கலைஞர்கள், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இதுதான் சரியான அளவு. காலை எட்டு மணி வாக்கில் அகாடமியில் நடக்கும் செயல்விளக்க உரைகள் ஓரளவு பாடத் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கு. நிகழ்ச்சி நிரலை நாளிதழில் முதல் நாளே பார்த்து, டி.டி.கே. சாலையில் ஒன்றையொன்று நடந்து அடையக்கூடிய இரண்டு சபாக்களாகத் தேர்ந்தெடுங்கள். ஆழ்வார்ப்பேட்டையிலிருந்து தியாகராய நகருக்குக் கச்சேரி நடுவே ஓடினால் இரண்டுமே போச்சு.

உட்கார வேண்டியது நடைபாதையை ஒட்டிய பின்வரிசை. எழுந்து போவதானால் பாட்டு முடிந்து கைதட்டும்போது. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில் எழுந்து கேண்டீனுக்குப் போகிற வழக்கம் இருக்கிறதே, அது மிருதங்கக்காரருக்கும் கடக்காரருக்கும் செய்கிற அநியாயம். குழந்தைகளுக்குக் கச்சேரியிலேயே மிகவும் பிடிக்கிற பகுதியும் அதுதான்.

பிள்ளைகளைக் கச்சேரிக்குள் இழுத்துவர ஒரே வழி தாளம். ஆதி தாளம் இப்படி: வலது உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை, அடுத்து ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு, மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. ரூபகம் என்றால் இரண்டு தட்டு, ஒரு வீச்சு. மிஸ்ர சாபு ஏழு, மூன்றும் நாலுமாக வரும். முன்வரிசை ரசிகர் கையைப் பார்த்துப் பிடித்துக்கொள்வது எளிது. குழம்புகிற இடங்கள் இரண்டு. பாட்டு பல சமயம் தட்டிலேயே தொடங்காது, கொஞ்சம் தள்ளி எடுப்பு இருக்கும். பிள்ளை தான்தான் தப்பு என்று கையை நிறுத்திவிடும். மெதுவான பாட்டில் ஒவ்வொரு எண்ணிக்கையும் இரண்டிரண்டாக விழும். சீக்கிரம் போட்டுவிட்டு ஏன் சேரவில்லை என்று விழிக்கும். இந்த இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும், மீதியைக் கை கற்றுக்கொள்ளும்.

நோட்டில் இன்றைக்கு: பாட்டு, ராகம், தாளம். ராகம் தெரியாவிட்டால் பக்கத்து மாமியிடம் மெதுவாகக் கேளுங்கள். சபாவில் அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்பவர் இல்லை.

கேண்டீனுக்குக் கச்சேரி சீட்டு வேண்டாம். இலைச் சாப்பாடு வேண்டுமென்றால் பன்னிரண்டுக்குள் டோக்கன் வாங்கிவிடுங்கள். கூட்டம் பொறுக்காத குழந்தையோடு போகிறவர்களுக்கு மாலை டிபன் தொடங்கும் நேரம் மேல்: கீரை வடை, அசோகா அல்வா, டிகிரி காபி.

டிசம்பர் 30, செவ்வாய். எழும்பூர்

வைகுண்ட ஏகாதசி. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் விடியுமுன் சொர்க்கவாசல் திறப்பதைப் பார்க்க நள்ளிரவிலிருந்தே வரிசை நிற்கும். கைக்குழந்தையோடும் முழங்கால் வலிக்கிற பெரியவர்களோடும் அந்த வரிசைக்குப் போக வேண்டாம். தடுப்புக்குள் போய்விட்டால் நடுவில் வெளியே வர வழியில்லை. பக்கத்துப் பெருமாள் கோயிலில் மதியத்துக்கு மேல் நிம்மதியாகச் சேவித்துவிட்டு வரலாம். உபவாசம் இருக்கிறவர்கள் வீட்டில் இருப்பார்கள் என்பதால் இன்றைக்கு வெளி அலைச்சல் குறைவாக, எழும்பூர் அருங்காட்சியகம் மட்டும். கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய் விடுமுறை.

1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம். வளாகம் பெரியது, எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் பிள்ளைகள் இரண்டாவது கட்டடத்திலேயே துவண்டுவிடுவார்கள். செப்புத்திருமேனிக் கூடம் மட்டும் போதும். திருவாலங்காட்டு நடராசர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், இரண்டுக்கும் முன்னால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம். நோட்டில் பென்சிலால் முழு உருவத்தை வரையச் சொல்லாமல் ஒரு கை, ஒரு கால், ஒரு அணிகலன் என்று ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அர்த்தநாரீசுவரரில் எந்தக் காதில் எந்த அணி, இடுப்பு எந்தப் பக்கம் வளைகிறது என்று கேட்டால், பார்த்ததாக நினைத்தது எவ்வளவு பார்க்காதது என்று பெரியவர்களுக்கே தெரியும்.

டிசம்பர் 31, புதன். வீட்டில், பிறகு வெளியே

பகல் முழுக்க வீட்டில். பட்டாணியைக் காலையிலேயே ஊறப் போட்டுவிடுங்கள். ஆறு பேருக்கு 200 கிராம் காய்ந்த பட்டாணி, எட்டு மணி நேரம். ஊறிய நீரைக் கொட்டி, புது நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் குக்கரில் இரண்டு விசில். அமுக்கினால் நசுங்க வேண்டும், தோல் உரியக் கூடாது. ஒரே கொதியில் பாதி குழைந்து பாதி கல்லாக நின்றால் பழைய பட்டாணியும் புதுசும் கலந்து வந்திருக்கிறது என்று பொருள். விசிலைக் கூட்டிப் பயனில்லை, அடுத்த முறை கடையை மாற்றுங்கள். இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, இரண்டு காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, நீர் நன்றாக வடித்த பட்டாணியைப் போட்டுப் புரட்டி இறக்கிய பிறகு, பல்லுப் பல்லாகக் கீறிய அரை மூடித் தேங்காயும் பொடியாக நறுக்கிய அரை மாங்காயும். மாங்காயை அடுப்பில் இருக்கும்போது போட்டால் சுண்டல் குழம்பாகும். டிசம்பரில் மாங்காய் கிடைக்காத தெருவில் அரை மூடி எலுமிச்சையும் துருவிய காரட்டும். மெரினாவுக்குப் போகாமலே மொட்டை மாடியில் தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்.

மாலை ஆறு மணிக்குக் காலண்டர் வேலை. இந்த வாரத்தின் நடுநாயகம் இதுதான். நோட்டில் எழுதிய பட்டியல்கள் நோட்டிலேயே கிடந்தால் மார்ச்சுக்குள் பரணுக்குப் போய்விடும். அவற்றை வருகிற ஆண்டின் தாள்களுக்கு மாற்ற வேண்டும். அந்தந்த நாள் தாளைக் கிழிக்கும்போது அதுவே கண்முன் வந்து நிற்கும்.

செய்முறை. காலண்டரை மேசையில் படுக்க வையுங்கள். டிசம்பரிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: முழுக் கட்டையும் ஒரு தடவை தூக்கிக் கடைசித் தாள்களில் எழுதிவிட்டு, மாதம் மாதமாக இறக்கிக்கொண்டே வந்தால் ஒவ்வொரு தாளும் ஒரே முறைதான் வளையும். ஜனவரியிலிருந்து தொடங்கிப் புரட்டிப் புரட்டி எழுதினால் பின் அடித்த துளைகள் அகன்று, ஜூலையில் நாலைந்து தாள் சேர்ந்து கையோடு வரும். தூக்கிய கட்டுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை முட்டுக்கொடுங்கள். முழுக்கப் பின்னால் மடக்கக் கூடாது. எழுத பால்பாயிண்ட் மட்டும். ஜெல், ஸ்கெட்ச், மைப்பேனா எல்லாம் மெல்லிய தாளில் அடியிலுள்ள மூன்று நாள் தாள்கள் வரை ஊறும்.

எழுத வேண்டியவை. முதலில் பிறந்தநாள்கள். நட்சத்திரப்படி கொண்டாடுகிற வீடுகளில், தமிழ் மாதத்தில் அந்த நட்சத்திரத் தாளைத் தேடினால் போதும். ஒரே மாதத்தில் இரண்டு முறை வந்தால் எது என்பதற்கு வீட்டுக்கு வீடு வழக்கம் உண்டு, பெரியவர்களைக் கேளுங்கள். திவசத் திதி இரண்டு நாளில் பரவி வரும் என்பதால் அதைப் பென்சிலில் மட்டும் குறித்து, வாத்தியாரிடம் கேட்ட பிறகு பேனாவில். அடுத்து வீட்டு வேலைகள்: வண்டியின் காப்பீடும் புகைச் சான்றும் முடிகிற தேதிக்குப் பத்து நாள் முந்தைய தாளில், கேஸ் அடுப்பு ரப்பர் குழாயில் அச்சாகியிருக்கும் காலாவதி மாதத்தில், ஏப்ரல், அக்டோபர் தாள்களில் சொத்துவரி, அரையாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் தள்ளுபடி உண்டு. காலாவதி தேதியிலேயே எழுதினால் அன்று ஞாயிறாக இருக்கும், அல்லது எல்லோரும் ஊரில் இருப்பார்கள்.

பிறகு நோட்டிலிருந்து. பூநாரைக்குப் பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. கேட்ட ராகங்களில் பிடித்த ஒன்று, அதை மறுபடி கேட்க ஒரு மாலை. இந்த வருடம் போன் பண்ண விட்டுப்போனவர்களை அவரவர் தன் பக்கத்தில் இப்போது பட்டியல் போட்டு, அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஒரு வேலைநாள் தாளில், எண்ணோடு. இந்தப் பட்டியல்தான் எழுதுவதற்குக் கடினமானது. இதை ஒருவர் மற்றவருக்காக எழுதவே கூடாது. "உங்க பெரியப்பாவுக்கு நீ பேசவே இல்லையே" என்று இன்னொருவர் பக்கத்தில் எழுதப்போய், சுண்டல் ஆறுவதற்குள் சண்டை வந்துவிடும்.

கடைசியாக, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தாள்களில் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் எழுதுகிற சின்னச் சந்தோஷங்கள். "இன்று மாடியில் நிலாச்சோறு." "இன்று பாத்திரம் நான் தேய்க்கிறேன், அம்மா." "இன்று பறக்கும் ரயிலில் கடைசி நிலையம் வரை போய்விட்டுத் திரும்பலாம்." நிபந்தனை இரண்டு: நூறு ரூபாய்க்குள் முடிய வேண்டும், அன்று மாலையே செய்ய முடிய வேண்டும். பெரிதாக எழுதினால் அந்த நாள் வரும்போது தள்ளிப்போடத் தோன்றும். இரண்டு தடவை தள்ளிப்போனால் பிள்ளைகள் தாளை நம்ப மாட்டார்கள். தேர்வு மாதத் தாள்களுக்கு எளியதாக எழுதுங்கள்.

இரவு வெளியே போகிறவர்களுக்கு: காமராசர் சாலையில் மாலைக்கு மேல் வாகனங்களை நிறுத்திவிடுவது வழக்கம், கடலில் இறங்கத் தடை உண்டு, மேம்பாலங்களும் மூடப்படும். சாந்தோம் பேராலயத்திலும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா ஆலயத்திலும் நள்ளிரவுத் திருப்பலிக்குப் பெரும் கூட்டம் வரும். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் ஆண்டிறுதி ஆராதனை அமைதியாக இருக்கும்; வயதானவர்களோடு போக கதீட்ரல் சாலையின் செயின்ட் ஜார்ஜ் பேராலயம் ஏற்றது. வண்டியை வீட்டிலேயே விட்டு, திரும்பும் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஜனவரி 1, வியாழன். கலங்கரை விளக்கம்

முதல் நாள் சூரிய உதயம் பார்க்க மெரினாவில் ஆறு மணிக்கே இடம் பிடிக்க வேண்டும். அதைவிட நிதானமாக, பகலில் கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறலாம். இப்போதுள்ள விளக்கம் 1977-இல் வந்தது, மின்தூக்கி உள்ளது, திங்கள் விடுமுறை. மேலே காற்று பலமாக இருக்கும். தொப்பியையும் நோட்டையும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சாந்தோம் கோபுரத்தையும் திருவல்லிக்கேணிப் பக்கத்தையும் இந்த வாரம் நடந்த தெருக்களையும் பிள்ளைகளே அடையாளம் காட்டட்டும்.

இனி நோட்டில் பாக்கி இருப்பது புத்தகப் பட்டியல், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்காக. எழுத்தாளர் பெயர் வரிசையில் எழுதிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம் அலைவார்கள், ஏனென்றால் அரங்குகள் பதிப்பகவாரியாக இருக்கின்றன. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிப்பகத்தைக் கண்டுபிடித்து அதன்படி பிரித்து எழுதி, நுழைவாயிலில் அரங்க எண்களைப் பார்த்துப் பக்கத்தில் குறித்துக்கொண்டால் ஒரே சுற்றில் முடியும். வழக்கமான தள்ளுபடி பத்து சதவீதம். ஆளுக்கு இவ்வளவு என்று தொகையை வீட்டிலேயே கையில் கொடுத்துவிடுங்கள், பிள்ளைகள் தாங்களே கணக்குப் போட்டு வாங்குவார்கள். வேலை நாட்களில் மதியத்துக்கு மேல்தான் திறக்கும், ஆனால் கூட்டம் குறைவு. நந்தனம் மெட்ரோவிலிருந்து நடந்தே போகலாம். எந்த நாள் போவது என்று இன்றே பேசி முடிவெடுத்து, அந்தத் தாளில் எழுதிவிடுங்கள், பால்பாயிண்டில்.